பூஜைக்கு வைத்த சயன்ஸ் பெட்டி

கூட்டாளிகளே, போன மாதம் நம் பழைய பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியர்களுக்கு சயன்ஸ் பெட்டி கொடுத்த அன்று, நீங்கள் எல்லோரும் முன்வரிசையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். ஏன் சிரித்தீர்கள் என்று எனக்குத் தெரியும். மேடையில் நான் சொன்ன நிபந்தனைக்காகத்தான். ஆண்டு முடிவில் பெட்டியிலிருந்து உடைந்த சாமானைக் கொண்டுவந்து காட்டினால் அடுத்த பெட்டி உண்டு. ஒன்றும் உடையவில்லை, எல்லாம் வாங்கின மேனிக்கே இருக்கிறது என்று சொல்கிற பள்ளிக்கூடத்துக்குக் கிடையாது.

கீழே இறங்கியதும் மில்லுக்காரர் மகன் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "லே, உனக்குத் துட்டு கூடிப்போச்சு. அதான் பிள்ளேளுட்ட கண்ணாடி உடைக்கச் சொல்லுக" என்றான். அவன் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். அவன் சொன்னால் நாலு பேர் தலையாட்டுவார்கள். அன்றும் ஆட்டினீர்கள்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். இன்று குழித்துறையிலிருந்து ஆரல்வாய்மொழி வரைக்கும் பஸ்ஸில் போனால், ரோட்டின் இரண்டு பக்கமும் என் பட்டறையில் செய்த இரும்புக் கூரைகள் நிற்பதைப் பார்க்கலாம். கல்யாண மண்டபம், முந்திரி ஆலை, மீன் ஏலக் கூடம் என்று எல்லாவற்றுக்கும் நான்தான். எந்தக் காற்றுக்கும் ஒரு தகடு பறந்ததில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. இன்னொன்றும் சொல்கிறேன். ஆயுத பூஜை அன்று என் பட்டறையில் வெல்டிங் மிஷினிலிருந்து சுத்தியல் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் உண்டு. அளவு பார்க்கிற சாமான்களுக்கு மட்டும் கிடையாது. புதிதாகச் சேரும் பையன் தெரியாமல் வைக்கப் போனால் கையைப் பிடித்துக்கொள்வேன். என் சம்சாரம் இதை ஒரு கிறுக்கு என்கிறாள்.

இந்த இரண்டு கிறுக்கும் ஒரே இடத்தில் பிடித்தவை. நாம் ஏழாம் வகுப்பில் இருந்த வருசம். நீங்களும் அங்கே இருந்தீர்கள், மறந்துவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளைப் பேத்தி திருத்தித் தருவாள். விஷயத்தில் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

பூதப்பாண்டிக்குப் போகிற ரோட்டிலிருந்து உள்ளே இறங்கினால், வயலுக்கு நடுவே நீளமாக ஒரு ஓட்டுக் கட்டிடம். அதுதான் நம் பள்ளிக்கூடம். ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் நடுவே சுவர் இல்லை, ஒரு மூங்கில் தட்டி. அங்கே அடி விழுந்தால் இங்கே நாம் முதுகைச் சுருக்குவோம். நாற்று நடுகிற மாதங்களில் சேற்று வாசம் வகுப்புக்குள்ளேயே நிற்கும். மழைக்காலத்தில் தவளைச் சத்தத்துக்கு மேலே போய் வாத்தியார்கள் பாடம் சொல்ல வேண்டும். பெஞ்சு கிடையாது. என் அப்பா வயல் கூலிக்காரர், மில்லுக்காரர் மகனின் அப்பாவுக்கு அரிசி மில். ஆனால் தரை இரண்டு பேருக்கும் ஒரே தரை.

அந்த வருசம் ஆடியில் புது சயன்ஸ் டீச்சர் வந்தார். கடியப்பட்டணத்துக்காரர். அவருடைய அண்ணன்மார் கடலுக்குப் போகிறவர்கள். அந்த வீட்டில் மாதச் சம்பளம் என்று ஒன்றை வாங்கிய முதல் ஆள் அவர்தான். இரண்டு பஸ் மாறி வருவார். கையில் கறுப்புக் குடை, கழுத்தில் சின்னச் சிலுவை, தோளில் ஒரு துணிப்பை. முதல் நாளே மில்லுக்காரர் மகன் பின்னாலிருந்து, "மீன் மணக்குடே" என்று முணுமுணுத்தான். அவருக்குக் கேட்டுவிட்டது.

"யாருலே அது? எந்திரி. மீன் மணக்குன்னா உனக்கு மூக்கு நல்ல மூக்குன்னு அர்த்தம். எந்த மீனுன்னு சொல்லு பாப்போம்."

அவன் முழித்தான்.

"சாளையா? அயலையா? நெய்மீனா?"

"தெரியாது டீச்சர்."

"அப்போ பாதி மூக்குதான் உனக்கு. இருந்துக்க."

அன்றிலிருந்து மூன்று மாதம் அவனுக்குப் பேர் பாதிமூக்கன். இன்று அவன் பேரப் பிள்ளைகள் இதைப் படிக்கட்டும்.

டீச்சருடைய வேலை நிரந்தரம் கிடையாது. தற்காலிகம். மழைக்காலத்தில் கல்வி ஆபீஸர் ஆய்வுக்கு வருவார், அவர் நல்லதாக எழுதினால்தான் அடுத்த வருசமும் டீச்சர் இங்கே இருக்கலாம். இல்லாவிட்டால் பரீட்சையோடு சரி. இது பிள்ளைகளுக்கும் தெரியும். தலைமையாசிரியர் (பெரிய சார் என்றுதான் நாம் சொல்வோம்) நம் முன்னால் வைத்தே அவரிடம் சொல்வார். "டீச்சரே, ஆபீஸர் வந்து நாலு வரி நல்லா எழுதணும். அதுவரைக்கும் சூதானமா இருங்க." டீச்சர் ஒரு தடவை சிரித்துக்கொண்டே பதில் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "இருக்கேன் சாரே. வேலை போச்சுன்னா அண்ணன்மாரு அடுத்த மாசமே கெட்டிக் குடுத்திருவானுவ." நாம் எல்லோரும் சிரித்தோம். அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று எனக்குப் பெண் பிள்ளை பிறந்த பிறகுதான் உறைத்தது.

இனி பெட்டி. அதற்கு முந்தைய வருசம், பூஜையெல்லாம் முடிந்த பிறகு, அரசாங்கம் நம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சயன்ஸ் பெட்டி அனுப்பியிருந்தது. பச்சைப் பெயின்ட் அடித்த தகரப் பெட்டி. வந்த அன்று திறந்து சாமான்களை எண்ணிப் பார்த்து, வைக்கோலும் மரச்சீவலும் வைத்துத் திரும்ப மூடி, பெரிய சார் பூட்டிவிட்டார். சாவி அவர் அரைஞாணில். பெட்டி அவர் மேஜைக்கு அடியில். அவர் யோசிக்கும்போது காலால் அதைத் தடவிக்கொண்டிருப்பார், வீட்டு நாயைத் தடவுகிற மாதிரி.

டீச்சர் கேட்காத வாரம் இல்லை.

"தராசைப் படம் போட்டுச் சொல்லுகேன் சாரே. பிள்ளேளுக்குப் புரியல்ல. ஒரு மணிக்கூறு தாங்க, நானே எடுத்து நானே திரும்ப வைக்கேன்."

"உடைஞ்சா?"

"உடையாது சாரே."

"அப்படித்தான் முன்னே இருந்த பள்ளிக்கூடத்துல ஒரு பய சொன்னான். உலக உருண்டை. தொட்டுப் பாக்கட்டும்னு குடுத்தேன். ரெண்டா பொளந்து கொண்டாந்தான். எனக்கு இன்கிரிமெண்டு போச்சு. 'பொறுப்பற்றவர்'னு எழுதினானுவ. இத்தனை வருச சர்வீஸ்ல எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் கெடச்சுது. நீங்க படமே போடுங்க. நல்லாத்தான் போடுதிய."

டீச்சர் கரும்பலகையில் தராசு வரைந்தார். அழகான தராசுதான். ஆனால் அது ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது.

பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் நவராத்திரிக்காக யானை மேல் திருவனந்தபுரத்துக்குக் கிளம்பிய வாரம், நம் பள்ளிக்கூடத்திலும் பூஜைக்கு ஏற்பாடு தொடங்கியது. பூஜை வைப்பு என்றால் உங்களுக்குச் சொல்ல வேண்டாம், பேத்தி வயதுக்காரர்களுக்குச் சொல்கிறேன். புத்தகத்தையும் தொழில் சாமானையும் அம்மன் முன்னால் வைத்துவிட்டால், விஜயதசமி அன்று பூஜை எடுக்கும் வரை தொடக் கூடாது. எடுத்தவுடன் சும்மா இருக்கவும் கூடாது. புத்தகத்தை எடுத்தவன் ஒரு பக்கமாவது படிக்க வேண்டும்.

படிப்பு சம்பந்தப்பட்ட எதையும் பூஜைக்கு வைக்காமல் விடக் கூடாது என்பது பெரிய சாரின் கொள்கை. மணி, பிரம்பு, சாக்கட்டிப் பெட்டி எல்லாம் வந்தன. அப்புறம் அவரே குனிந்து பச்சைப் பெட்டியை இழுத்தார். அரைஞாணிலிருந்து சாவி வந்தது. அப்படித்தான், அந்தப் பெட்டிக்குள் இருந்தவற்றை நாம் முதன்முதலாகப் பார்த்தோம். தராசு, மரப்பெட்டியில் வரிசையாக எடைக்கற்கள், லாடக் காந்தம், கைப்பிடி வைத்த லென்ஸ், ஸ்பிரிட் விளக்கு, சோதனைக் குழாய்கள், ஒரு பெரிய கண்ணாடி பீக்கர். எல்லாம் வாழையிலை மேல் அம்மன் படத்துக்கு முன்னால். பெரிய சார் ஒவ்வொன்றுக்கும் தம் விரலால் சந்தனம் வைத்தார். தராசின் இடது தட்டில் ஒரு பெரிய பொட்டு. லென்ஸின் நடுவில் ஒரு பொட்டு. அதற்கு மேல் குங்குமம். பீக்கரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "தீர்த்தம் வைக்க என்ன லட்சணமா இருக்குன்னு பாத்தியாடே" என்று சொல்லி, துளசி போட்டுத் தண்ணீர் ஊற்றி நடுவில் வைத்தார்.

டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் தீபாராதனை. பெரிய சார் கண்ணை மூடிக்கொண்டு ஸ்லோகம் சொல்கிறவர். சூடத் தட்டு அவர் கையில் தானாகச் சுற்றி வந்தது. சுற்றி வந்து பீக்கரை ஒட்டியே நின்றுவிட்டது. ஸ்லோகம் கொஞ்சம் நீளம். "டிக்" என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தபோது தீர்த்தம் இலையில் ஓடிக்கொண்டிருந்தது, பீக்கர் இரண்டு சில்லாக நின்றது.

மில்லுக்காரர் மகனுக்கு மட்டும் சிரிப்பு வந்து, அதைத் தும்மலாக்க முயன்று, இரண்டும் இல்லாமல் ஒரு சத்தம் வந்தது. பெரிய சாரின் முகம் அம்மன் படத்துக் கண்ணாடியில் தெரிந்தது. அந்த முகத்தை நான் அன்று கோபம் என்று நினைத்தேன். அது பயம். ஒரு ஆள் எதைக் கண்டு பயந்து இத்தனை நாள் பூட்டி வைத்தாரோ, அதை அவரே செய்துவிட்டார். சில்லுகளை வாழையிலைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் மூலையில் வைத்தார். "அம்மனுக்கு இஷ்டமானதை எடுத்துக்கிட்டா" என்றார். நாமும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

விஜயதசமி காலையில் பூஜை எடுக்க எல்லோரும் வந்தோம். புத்தகம் வாங்கினோம், ஆளுக்கு ஒரு பக்கம் படித்தோம், சின்னப் பிள்ளைகள் மணலில் எழுதினார்கள். பெரிய சார் தராசை எடுத்துப் பெட்டிக்குள் வைக்கக் குனிந்தார். லீவு நாளில் அதற்கென்றே இரண்டு பஸ் மாறி வந்திருந்த டீச்சர் அப்போதுதான் உள்ளே வந்தார்.

"சாரே, ஒரு சந்தேகம். புத்தகத்தைப் பூஜை எடுத்தா படிக்கணும். இல்லியா?"

"ஆமா. படிக்காம வச்சா தோஷம்."

"அப்போ தராசைப் பூஜை எடுத்தா?"

பெரிய சார் குனிந்தபடியே நின்றார். அவருக்கு எல்லாப் பூஜை விதியும் தெரியும். அதனால்தான் மாட்டிக்கொண்டார்.

"நீங்க சிலுவை போட்ட வேதக்காரி. உங்களுக்கு இதெல்லாம் யாரு சொன்னா?"

"பிள்ளேளு சொல்லிச்சு சாரே. எனக்கு ஒண்ணும் தெரியாது. தோஷம் வந்துரப்பிடாதுன்னு கேட்டேன்."

அவர் தராசை நம் நடுவில் தரையில் வைத்தார். "இன்னைக்கு மட்டும்" என்றார். "சந்தனத்தை அழிக்கப்பிடாது. அது அம்மன் பிரசாதம்."

தராசு நேராக நிற்கவில்லை. தட்டில் ஒன்றும் வைக்காமலேயே இடது பக்கம் இறங்கி நின்றது.

"ஏன் மக்கா சாஞ்சு நிக்கு?" என்று டீச்சர் கேட்டார். "ஒண்ணும் வைக்கல்லியே."

"அம்மன் இருக்கா டீச்சர்" என்றாள் முன்னால் இருந்த ஒரு பெண். சிரிப்பு எழுந்தது. "ஏட்டி, எந்தத் தட்டுல இருக்கா?" என்று ஒருத்தன் கேட்டான். பெரிய சார், "சிரிக்கப்பிடாது, சிரிக்கப்பிடாது" என்றார்.

சந்தனம் என்று கண்டுபிடித்தவன் நான். மில்லுக்காரர் மகன் இன்றுவரை தான் என்று சொல்லித் திரிகிறான். கூட்டாளிகளே, சாட்சி சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள். நான்தான் தரையில் கன்னத்தை வைத்துக் குனிந்து இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். இடது தட்டில் பொட்டு, வலது தட்டில் இல்லை. "சந்தனம் டீச்சர்!"

"இருக்கலாம். ஆனா அழிக்கப்பிடாதே. அழிக்காம எப்படிக் கண்டுபிடிப்ப?"

இதற்கும் பதில் என்னிடமிருந்துதான் வந்தது. பூஜைத் தட்டில் மிச்சமிருந்த சந்தனத்தைக் கிள்ளி வலது தட்டில் ஒட்டினேன். முள் அசைந்தது. இன்னும் கொஞ்சம். கடுகளவு. முள் நடுவில் வந்து நின்றதும், நாற்பது பிள்ளைகளும் திருவிழா வெடி போட்ட மாதிரி கத்தினோம். பெரிய சாருக்கும் சந்தோஷம்தான். அம்மனுடைய சாமானில் சந்தனம் கூடியதே தவிரக் குறையவில்லை.

மத்தியானம் பெட்டி மூடியது. சாவி அரைஞாணுக்குப் போனது. கரும்பலகையில் திரும்பப் படம்.

கார்த்திகை மழையில் ஆபீஸர் ஜீப்பில் வந்தார். நாம் தலைக்கு எண்ணெய் வைத்து, சட்டைப் பொத்தானெல்லாம் போட்டு உட்கார்ந்திருந்தோம். தராசு கதையை அவர் கேட்டால் எழுந்து சொல்ல நான் தயாராக இருந்தேன். மனதுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். அவர் நம்மை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இளநீர் குடித்தார். பெட்டியைத் திறக்கச் சொன்னார். கையிலிருந்த தாளைப் பார்த்து ஒவ்வொன்றாக எண்ணினார். மூலையில் காய்ந்துபோன வாழையிலை. பிரித்தார்.

"இது எப்படி உடைந்தது?"

பெரிய சார் அந்த வாழையிலையையே பார்த்துக்கொண்டு நின்றார். மில்லுக்காரர் மகன் என் தொடையைக் கிள்ளினான். சொல்லேன் என்று அர்த்தம். உண்மை நம் நாக்கு நுனியில் இருந்தது.

"பாடம் நடத்தும்போது உடஞ்சுது சார்" என்றார் டீச்சர்.

"யார் நடத்தும்போது?"

"நான்தான்."

ஆபீஸர் அவரை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "தற்காலிகம்தானே நீங்கள்? வந்து எத்தனை மாதம் ஆகிறது? அதற்குள் அரசாங்கச் சொத்தை உடைத்துவிட்டீர்கள். பக்கத்து ஊர்ப் பள்ளியில் போய்ப் பாருங்கள். பெட்டி வந்த நாளில் இருந்த மாதிரியே இருக்கிறது. வைக்கோல்கூடக் கலையவில்லை." எழுதினார். ஜீப் போய்விட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். போன வருசம் ஒரு தலைமையாசிரியர், நல்ல மனுஷன், நான் கொடுத்த பெட்டியைக் காரில் வைத்து என் பட்டறைக்கே கொண்டுவந்தார். "ஐயா, ஒரு கீறல் கிடையாது, நீங்களே பாருங்க" என்று திறந்து காட்டினார். உள்ளே பாச்சா உருண்டை போட்டிருந்தார், பட்டுச் சேலைக்குப் போடுகிற மாதிரி. அவருக்குக் காபி கொடுத்தேன். பெட்டி கொடுக்கவில்லை. அவர் வருத்தப்பட்டார் என்று கேள்வி. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கீறல் இல்லாத பெட்டியைப் பாராட்டுகிற ஆபீஸர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதுதான் கோபம்.

மறுநாள் காலையில் குடத்தில் குடிதண்ணீர் வைக்க வேண்டிய முறை எனக்கு. ஆபீஸ் அறைக்குள் போனபோது பெரிய சாரும் டீச்சரும் நின்றிருந்தார்கள். என்னை அவர்கள் ஒரு ஆளாக எண்ணவில்லை.

"என்னத்துக்கு டீச்சரே அப்படிச் சொன்னிய? வேலை போயிருமே. நான் உடைச்சேன்னு சொல்லியிருந்தா, எனக்கு என்ன, இன்னொரு இன்கிரிமெண்டு."

"பூஜைல உடஞ்சுதுன்னு எழுதினா, இனி பூஜைக்கும் பெட்டியைத் தொறக்கப்பிடாதுன்னு உத்தரவு வரும் சாரே. பாடத்துல உடஞ்சுதுன்னா, இந்தப் பெட்டி பாடத்துக்கு உள்ளதுன்னு அவங்க தாள்லயாவது இருக்கும்."

பெரிய சார் ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்தார். பிறகு வேட்டி மடிப்புக்குள் கையை விட்டு அரைஞாணைத் துழாவினார். சாவியை அவிழ்க்க வெகுநேரம் ஆனது, முடிச்சு இறுகியிருந்தது. மேஜை மேல் வைத்தார்.

"பரீட்சை வரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டும்."

அந்த மாதங்களைப் பற்றி நான் சொன்னால் நீங்கள் ஆளுக்கொன்று சேர்ப்பீர்கள். எனக்கு நினைவிருப்பதை மட்டும் எழுதுகிறேன். பெட்டியைத் திறந்தால் ஸ்பிரிட் வாசமும் காய்ந்த சந்தன வாசமும் சேர்ந்து வரும். தராசுத் தட்டுகளில் சந்தனம் அப்படியே இருந்தது. அது பொரிந்து உதிரும்போதெல்லாம் முள் நகரும், உதிர்ந்த பக்கத்தைச் சரிக்கட்டிவிட்டுத்தான் எடை போடுவோம். கூரை போடுகிறவனுக்கு அதைவிடப் பெரிய பாடம் கிடையாது. எதையும் அளப்பதற்கு முன்னால், அளக்கிற சாமான் முதலில் நேராக நிற்கிறதா என்று பார்.

டீச்சர் ஊர்க் கடற்கரையிலிருந்து கைக்குட்டையில் கறுப்பு மணல் முடிந்துகொண்டு வந்தார். லாடக் காந்தத்தை அதில் புரட்டினால் கொஞ்சம் மணல் மட்டும் மீசை முளைத்த மாதிரி ஒட்டும், மீதி அப்படியே கிடக்கும். "ஒரே கறுப்புதானே டீச்சர், ஏன் அது மட்டும்?" என்று கேட்டதற்கு, "கறுப்பா இருக்கதெல்லாம் ஒண்ணுன்னு யாரு சொன்னா?" என்றார். பப்பாளிக் காம்பை வைத்து, மேஜை மேல் வைத்த வாளித் தண்ணீரைத் தரையில் இருந்த வாளிக்கு இறக்கினோம். வாயில் உறிஞ்சித் தண்ணீரைக் குடித்தவர்கள்தான் பாதிப் பேர்.

லென்ஸ் மட்டும் உதவவில்லை. சந்தனமும் குங்குமமும் நடுவில் இறுகிப்போய், சுற்றி வளையமாகத்தான் ஏதாவது தெரியும். அதைச் சுரண்டக் கூடாது என்பதில் பெரிய சார் அசையவில்லை. ஒரு நாள் டீச்சர் முதல் பஸ்ஸில், துணிப்பைக்குள் ஈரத் துணி சுற்றி ஒரு டப்பா கொண்டுவந்தார். உள்ளே சூரை மீனின் கண்கள், எலுமிச்சம்பழ அளவுக்கு.

பெரிய சார் சைவம். வாசம் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "டீச்சரே! அம்மன் படத்துக்குக் கீழயா மீனு?"

"மீன் இல்ல சாரே. மீனு வீட்டுல சட்டிக்குள்ள இருக்கு. கண்ணு மட்டுந்தான் பள்ளிக்கூடம் வந்திருக்கு."

அவர் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவருகே நின்றார். ஆனால் போகவில்லை. டீச்சர் பிளேடால் கீறினார். மசி மாதிரிக் கறுப்பு வழிந்தது. அதற்குள்ளிருந்து ஒரு மணி, கோலிக்குண்டு மாதிரி உருண்டையாக, கண்ணாடி மாதிரித் தெளிவாக. குழம்பில் வெள்ளையாகக் கல் மாதிரிக் கிடக்குமே, அதே மணி. பச்சையில் அது இப்படி இருக்கும் என்று நமக்கு யாருக்கும் தெரியாது. கழுவிப் புத்தகத்தின் மேல் வைத்தார். கீழே இருந்த எழுத்து தடித்து எழுந்தது. ஒவ்வொருத்தராக வந்து பார்த்தோம். கடைசியில் பெரிய சார் மூக்கைப் பொத்தியபடியே வந்து குனிந்து பார்த்தார். "அட" என்றார். அவ்வளவுதான்.

பிறகு டீச்சர் அந்த மணியை ஸ்பிரிட் விளக்கில் கொதித்த தண்ணீருக்குள் போட்டார். வெளுத்துப்போனது. "வயசானவங்களுக்குக் கண்ணுல புரை விழுதுல்லா, இப்படித்தான் இந்த மணி வெளுக்கு." போன வருசம் எனக்குப் புரை எடுத்தபோது, டாக்டர் விளக்கத் தொடங்கும் முன்னால் நானே அவருக்கு விளக்கினேன். எந்தக் காலேஜில் படித்தீர்கள் என்று கேட்டார்.

பரீட்சை முடிந்தது. டீச்சருக்கு நீட்டிப்பு வரவில்லை. கடைசி நாள் வழக்கம்போல் குடையும் துணிப்பையுமாக வந்து, சாமான்களை எண்ணிப் பெட்டிக்குள் வைத்து, பூட்டி, சாவியைப் பெரிய சாரிடம் கொடுத்தார். நாம் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போனோம். "எலே பாதிமூக்கா, அடுத்த தடவை பாக்கும்போது மீனுப் பேரு சொல்லணும்" என்றார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். பல வருசம் கழித்துக் கடியப்பட்டணத்தில் ஒரு ஷெட் போடப் போனபோது விசாரித்தேன். அந்தக் கோடையிலேயே கல்யாணமாகிக் கொல்லத்துப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். அங்கே பள்ளிக்கூடத்துக்குப் போனாரா என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

அடுத்த வருசம் சயன்ஸுக்கு ஆள் போடவில்லை. நாம் எட்டாம் வகுப்பு. சாவி பழையபடி அரைஞாணில். பூஜை வந்தது. பச்சைப் பெட்டி வெளியே வந்தது, புதிதாகச் சந்தனம். இந்தத் தடவை பெரிய சார் கண்ணைத் திறந்துகொண்டு, கையை எட்டின மட்டும் நீட்டித் தூரத்திலிருந்தே சூடம் காட்டினார்.

விஜயதசமி காலையில் எல்லோரும் ஒரு பக்கம் படித்து முடித்தோம். யாரும் எழுந்து போகவில்லை. பெரிய சார் பெட்டியைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார். மில்லுக்காரர் மகன்தான் சொன்னான், அதை நான் மறுக்கவில்லை.

"சாரே, பூஜை எடுத்தா தொடணும்."

அவர் தரையில் நம் நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். அவர் தரையில் உட்கார்ந்து நாம் பார்த்ததில்லை. ஒரு சோதனைக் குழாயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டீச்சரு இதை வச்சு என்னதாம்டே செய்வா?"

"தண்ணி ஊத்திச் சுட வைப்பா சாரே. முன்னாடியே கேள்வி கேப்பா."

"என்ன கேள்வி?"

"மேல சூடு காட்டினா கீழ சுடுமான்னு."

"சுடுமா?"

"செய்து பாருங்க சாரே."

ஸ்பிரிட் விளக்கை நான் பற்ற வைத்தேன். அவர் குழாயைத் தீயில் பிடித்தார். சாய்த்துப் பிடிக்க வேண்டும், மெல்ல ஆட்ட வேண்டும் என்று நாம் நாலு பக்கமும் இருந்து சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "டிக்." போன வருசம் கேட்ட அதே சத்தம். தண்ணீர் அவர் வேட்டியில் கொட்டியது, விளக்கு அணைந்தது.

அவர் கையில் மிச்சமிருந்த அரைக் குழாயைப் பார்த்தபடி இருந்தார். பிறகு ஆபீஸ் அறையிலிருந்து ஸ்டாக் புக்கை எடுத்துவரச் சொல்லி என்னிடம் நீட்டினார். வகுப்பில் என் கையெழுத்துதான் குண்டு குண்டாக இருக்கும்.

"எழுதுடே. சோதனைக் குழாய் ஒன்று. பாடம் நடத்தும்போது உடைந்தது."

எழுதினேன். ஆபீஸர் கேட்டது எனக்கு ஞாபகம் வந்தது.

"யாரு நடத்தும்போதுன்னு போடணும் சாரே?"

"எனக்க பேரைப் போடு" என்றார். ஈர வேட்டியை உதறிவிட்டு, சில்லுகளைக் கையால் ஓரமாக ஒதுக்கினார். "போட்டியா? இனி அந்த அடுத்த குழாயை எடு."